பத்தொன்பது பேருக்கும் ஒரே நம்பர்

நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஒரு சின்ன ஊரின் கிழக்குத் தெருவில் போய் உஷாராணி வீடு எது என்று கேட்டால் இரண்டு வீட்டைக் காட்டுவார்கள். ஃபார்ம் உஷா வீடு என்று கேட்டால் ஒன்றுதான். பச்சை பெயின்ட் அடித்த கதவு, வாசலில் அவள் புருஷன் பாக்யராஜின் பழைய டி.வி.எஸ்., உள்ளே சிமென்ட் அலமாரியில் பிளாஸ்டிக் ஃபைல்கள். ஒவ்வொரு ஃபைலின் மேலும் ஒரு பெண்ணின் பெயர்.

பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தவள் உஷாராணி. வந்த இரண்டாவது வாரம் மாமியார் தன் பென்ஷன் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "படிச்சவளாச்சே, எழுது பாப்பம்" என்றாள். எழுதினாள். நாலு மாதத்தில் பென்ஷன் வந்துவிட்டது. அதோடு அவள் தலையெழுத்தும் முடிவாகிவிட்டது. கேஸ் கனெக்‌ஷன், வீட்டு வரி, பிள்ளைகளின் சாதிச் சான்று, ஆதார் திருத்தம் என்று தெருவே வரிசை கட்டி வந்தது. யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. கத்தரிக்காய், முருங்கைக்காய், சில நாள் மீன் என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். மகளிர் குழு ஆரம்பித்தபோது தலைவியாக அவளைத் தவிர இன்னொரு பெயரை யாரும் சொல்லவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, குழுவுக்கு லோன் தர வேண்டுமானால் எல்லோருக்கும் பான் கார்டு வேண்டும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உஷாராணி தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தன்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேருக்கும் ஃபார்ம் எழுதினாள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஒரு தேதி போட்டாள். மொபைல் நம்பர் கேட்ட இடத்தில் பத்தொன்பது ஃபார்மிலும் தன் நம்பரையே எழுதினாள்.

அது ஒன்றும் அதிசயமில்லை. பாதிப் பேரிடம் அன்றைக்குப் போன் கிடையாது. இருந்தவர்களின் போன் புருஷன் சட்டைப்பையில் இருந்தது. அவன் ஆஃபர் வரும்போதெல்லாம் சிம்மை மாற்றுவான். எப்போதும் சார்ஜ் இருக்கும், எப்போதும் எடுப்பார்கள் என்று நம்பக்கூடிய போன் தெருவிலேயே ஒன்றுதான். "ஒன் நம்பரே போட்டுக்க உஷா" என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அதற்குப் பிறகு அவள் போனில் மெசேஜ்கள் குவிய ஆரம்பித்தன. எல்லாம் இங்கிலீஷ். லோன் வேண்டுமா, இன்சூரன்ஸ் வேண்டுமா, உங்கள் கணக்கு, உங்கள் கார்டு, உங்கள் வருமானம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சீரியல் பார்த்தபடியே கட்டைவிரலால் தள்ளித் தள்ளி அழிப்பாள். அவரைக்காய்க்கு நார் உரிக்கிற மாதிரி அது ஒரு அன்றாட வேலையாகிவிட்டது.

இந்த வருஷம் மே மாதக் கடைசி வாரத்தில், நாலு வீடு தள்ளி இருக்கும் காசம்மாள் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. கடிதத்தின் ஓரத்திலும் மாவு.

"இன்னாடி இது? ரேஷன் கார்டு ஆபீஸ்லேர்ந்து வந்துருக்குது. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கினு குடுத்தான்."

உஷாராணி படித்தாள். காசம்மாளின் பான் எண்ணில் மூன்று வருஷமாகப் பெரிய வருமானம் காட்டப்பட்டிருக்கிறது. வரித்துறைப் பதிவில் அப்படி இருப்பவர்கள் பெயர் உள்ள கார்டு சிவப்பு கார்டாக இருக்க முடியாது. இந்தத் தகவல் தவறு என்றால் வரித்துறையிலிருந்து கடிதம் வாங்கி ஜூன் முப்பதாம் தேதிக்குள் கொடுக்கவும். இல்லையென்றால் கார்டு மஞ்சளாக மாற்றப்படும்.

சிவப்பு ஏழைகளுக்கு, மஞ்சள் மற்றவர்களுக்கு. அந்தத் தெருவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காசம்மாள் வீட்டில் சிவப்பு கார்டு என்பது அரிசியோடு முடிகிற விஷயமும் இல்லை. அவள் புருஷன் ராமுவுக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சிவப்பு கார்டைக் காட்டினால் இலவசம். மஞ்சள் கார்டு என்றால் ஒவ்வொரு தடவையும் பணம் கட்ட வேண்டும். கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பத்தில், வெட்டுகிற ஆள் மெஷினில் படுத்திருக்க, அந்தப் பணத்துக்கு எங்கே போவது?

"எனுக்கு எங்கடி வருமானம்?" என்றாள் காசம்மாள். "எவ்ளோன்னு போட்டுக்குது?"

"முப்பத்தொரு லட்சம்க்கா."

காசம்மாள் சிரித்துவிட்டாள். அப்புறம் உஷாராணியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

மறுநாளே இருவரும் டவுனுக்குப் போனார்கள். வரி அலுவலக கேட்டில் இருந்த காவலர் கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை. "இதுக்கெல்லாம் நேர்ல பாக்கறது இல்லம்மா. எல்லாம் போன்தான். போன்ல சொன்னா அவங்களே பாத்துக்குவாங்க" என்று மேசை மேலிருந்த ஒரு கட்டுத் துண்டுச் சீட்டிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். சீட்டில் ஒரு நம்பர் அச்சடித்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து திரும்பினால் சீட்டை அச்சடித்தே வைத்திருப்பார்கள் என்று உஷாராணி யோசித்தாள்.

வீட்டிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தத் தெருவில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மொட்டை மாடியில் ஏறி நின்றால் பன்னிரண்டு நிமிஷம், பதினாலு நிமிஷம், அதற்குள் அறுந்துவிடும். ஆஸ்பத்திரியில் சிக்னல் நன்றாக இருக்கும் என்று ராமுதான் சொன்னான். அதனால் உஷாராணியும் செவ்வாய், வெள்ளியில் அவர்களோடு காலேஜ் பஸ்ஸில் ஏறினாள். நோயாளிகளை ஊர் ஊராக ஏற்றிப் போகும் பஸ் அது.

ராமு உள்ளே மெஷினில் நாலு மணி நேரம். இவர்கள் வெளியே ஹாலில். இரும்பு நாற்காலிகள் மூன்று வரிசை, இரண்டு மின்விசிறி, ஒரு டி.வி. அதில் சத்தம் வராது. உள்ளே படுத்திருப்பவர்களின் மனைவிகள், அம்மாக்கள், அண்ணன்கள் என்று எப்போதும் முப்பது பேர் இருப்பார்கள். ஸ்பீக்கரில் போட்டால்தான் உஷாராணியால் மறு கையில் குறிப்பு எழுத முடியும். முதல் செவ்வாய்க்கிழமையே ஹால் முழுக்கக் கேட்டது.

"தமிழுக்கு ஐந்தை அழுத்தவும்."

ஐந்து.

"நீங்கள் தனிநபர் என்றால் ஒன்றை அழுத்தவும். நிறுவனம் என்றால்..."

"ஒண்ணு, ஒண்ணு" என்றது பக்கத்து நாற்காலி.

பான் எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். தவறு என்றது. மறுபடி அழுத்தினாள். அப்புறம் வீணை மாதிரி ஒரு இசை. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. வரிசையில் நீங்கள் ஐம்பத்து இரண்டாவது."

"அம்பத்திரெண்டா!" என்றாள் விருத்தாம்பாள். மகனுக்காக மூன்று வருஷமாக அந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவள், பாகூர்க்காரி. அந்த இடத்தில் யாருக்கு எது நடந்தாலும் முதலில் அவள் வாயில்தான் வரும். "ரத்த டெஸ்ட்டுக்கே இவ்ளோ டோக்கன் இல்லியே."

ஒரு மணி நேரத்தில் அது பத்தொன்பதுக்கு வந்தது. ஹால் மெதுவாக இதில் இறங்கிவிட்டது. உள்ளே போய் வந்தவர்கள், "எத்தினி ஆச்சு?" என்று கேட்டார்கள். பதினொன்று. ஒன்பது. ஆறு என்று சொன்ன உடனே லைன் அறுந்தது. கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தாற்போல் மூன்று வரிசையும் ஒரே குரலில் "ச்சே" என்றது.

வெள்ளிக்கிழமை நாற்பத்து நாலில் ஆரம்பித்து மூன்றுவரை வந்தது. அப்புறம் ஒரு பெண் குரல், "எங்கள் பிரதிநிதிகள் அனைவரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள், பிறகு அழைக்கவும்" என்று அதுவே வைத்துவிட்டது. அடுத்த செவ்வாய் சர்வர் பழுது. அடுத்த வெள்ளி இரண்டாவது இடத்தில் நாற்பது நிமிஷம் நின்றே போனது. டயாலிசிஸ் முடிந்து ராமு நடுங்கியபடி வெளியே வந்தான், பஸ் ஹாரன் அடித்தது, போனைக் காதில் வைத்தபடியே உஷாராணி ஏறினாள், வளைவு தாண்டியதும் அறுந்தது.

"ஒருவேள அங்க ஆளே கெடையாதோ?" என்றான் ராமு, ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி. "டேப்ப மட்டும் ஓட வுட்டுட்டு எல்லாம் வூட்டுக்குப் பூட்டாங்களோ?"

"சும்மா இரு மாமா."

"இல்ல உஷா, நெனச்சுப் பாத்தன். அவ்ளோதான்."

அந்த மூன்று வாரத்தில் ஹாலில் இருந்த எல்லோருக்கும் அந்த மெனு மனப்பாடமாகிவிட்டது. இசை எந்த இடத்தில் நின்று மறுபடி தொடங்கும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. உஷாராணி என்ன பேச வேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுதி, தினமும் திருத்தி, அதையும் மனப்பாடம் செய்திருந்தாள். ஏழாவது தடவை, இருபத்து நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணிக்கு இசை பாதியில் நின்றது.

"வணக்கம். நான் தமிழ்க்குமரன் பேசறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

உஷாராணிக்கு நோட்டில் எழுதியதெல்லாம் மறந்துபோய்விட்டது.

"சார்... ஆளா பேசறீங்க?"

"ஆள்தாம்மா. சொல்லுங்க."

"எடுத்துட்டான்!" என்று விருத்தாம்பாள் கையைத் தட்டினாள். முப்பது பேரும் திரும்பினார்கள். யாரோ எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்கள்.

"காசம்மாள் நீங்களாம்மா?"

"நான் பக்கத்து வூடு சார். குழுத் தலைவி. அவங்க இதோ பக்கத்துலதான் இருக்காங்க."

"பான் கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும். போனக் குடுங்க."

காசம்மாள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, நிறைகுடத்தை வாங்குவது போல இரண்டு கையாலும் போனை வாங்கினாள்.

"உங்க பிறந்த தேதி சொல்லுங்கம்மா."

"அது எனுக்கு இன்னா தெரியும் சாமி? ஐப்பசி மழயில பொறந்தன்னு எங்கம்மா சொல்லும்."

உஷாராணி இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினாள்.

"பத்து" என்றாள் காசம்மாள்.

"மாசம்?"

ஆறு விரல்.

"ஆறாம் மாசம்."

"ஐப்பசின்னு சொன்னீங்களேம்மா? ஆறாம் மாசம்னா ஜூன் ஆச்சே."

"ஐப்பசி நெசத்துல சார். ஜூன் கார்டுல."

ஹால் சிரித்தது. அந்தப் பக்கத்திலும் ஒரு மூச்சுச் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் உஷாராணிக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. சிரிக்கிற ஆள். இவனிடம் சொன்னால் புரியும். காசம்மாள் கையிலிருந்த போனுக்குப் பக்கத்தில் குனிந்து விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். கடிதம், கார்டு, ராமு, மெஷின், முப்பதாம் தேதி. அவன் குறுக்கே பேசவில்லை. கீபோர்டு சத்தம் கேட்டது.

"பாத்துட்டேம்மா. ஒரு கம்பெனி மூணு வருஷமா இவங்களுக்குக் காண்ட்ராக்ட் பணம் குடுத்ததா கணக்குக் காட்டியிருக்கு. ரோடு போட்ட வேலை."

"ரோடா?" என்றாள் காசம்மாள். "நாங்க கரும்பு வெட்டறவங்க சார்."

"தெரியுதும்மா. யாரோ உங்க கார்டு ஜெராக்ஸ வெச்சு பண்ணியிருக்கலாம். ஆனா இத நாங்க அழிக்க முடியாது. அந்தக் கம்பெனிதான் திருத்திக் குடுக்கணும்."

"அந்தக் கம்பெனி எங்க சார் இருக்குது?" என்று கேட்டாள் உஷாராணி.

வடக்கே ஏதோ ஒரு ஊரின் பெயரைச் சொன்னான். "ஆனா அது போன வருஷமே மூடினதா காட்டுதும்மா."

"மூடின கம்பெனி எப்டி சார் திருத்தும்?"

மறுபடி கீபோர்டு சத்தம் கேட்டது. "இதுக்கு மறுப்பு சொல்ல உங்களுக்கு டைம் குடுத்திருந்தாங்கம்மா. அப்பவே 'இது என் வருமானம் இல்ல'ன்னு ஒரு பட்டன் அழுத்தியிருந்தா அன்னிக்கே நின்னிருக்கும். பதினொரு தடவ மெசேஜ் போயிருக்கு. போன வருஷம் ஜூலை பதினாலு, ஜூலை இருபத்தெட்டு, ஆகஸ்ட் நாலு..." என்று வாசித்துக்கொண்டே போனான்.

"எங்களுக்கு எதுவும் வரல சார்."

"போயிருக்கும்மா. கடைசியில நாலு, ஏழுன்னு முடியற நம்பர்."

காசம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்று உண்டு. அவள் போனைப் பிடித்தபடியே திரும்பினாள்.

"அது ஒன் நம்பர்தான உஷா?"

உஷாராணி தலையை மட்டும் ஆட்டினாள். போன வருஷம் ஜூலை பதினாலு அன்று ராத்திரி என்ன சீரியல் ஓடியது, எத்தனை மெசேஜைத் தள்ளினோம் என்று அவள் மனம் எங்கெங்கோ தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒரு லெட்டர் மட்டும் குடுங்க சார்" என்றாள் கடைசியில். "இவங்க வரி கட்டறவங்க இல்லன்னு ஒரே ஒரு லெட்டர்."

"என்னால குடுக்க முடியாதும்மா. நாங்க ஆபீஸ் ஆளுங்க இல்ல. போன் எடுக்கறதுக்குக் காண்ட்ராக்ட்ல இருக்கோம். புகாரா பதிஞ்சு தரேன். பதில் வர அறுவது நாள் ஆவும்."

"முப்பதாம் தேதிக்குள்ள வேணும் சார். அவரு உள்ள மெஷின்ல படுத்துனு இருக்காரு."

கீபோர்டு சத்தம் நின்றது.

"எங்க பெரியப்பாவுக்கும் டயாலிசிஸ் பண்ணாங்கம்மா" என்றான்.

"இப்ப எப்டிப்பா இருக்காரு?" என்று இரண்டாவது வரிசையிலிருந்து விருத்தாம்பாள் கேட்டாள்.

"வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்றான் தமிழ்க்குமரன்.

வேறு என்ன கேட்பது என்று அந்த ஹாலில் யாருக்கும் தெரியவில்லை. புகார் எண்ணைச் சொன்னான். உஷாராணி எழுதிக்கொண்டாள். அவன் நன்றி சொல்லி வைத்ததும் பழைய பெண் குரல் வந்தது. எங்கள் சேவை திருப்தியாக இருந்தால் ஐந்தை அழுத்தவும், இல்லையென்றால் ஒன்றை அழுத்தவும்.

"அஞ்சே போடும்மா" என்றாள் விருத்தாம்பாள். "சம்பளத்துக்கு ஒக்காந்துனு இருக்கற புள்ள. அவன இன்னா பண்ணச் சொல்ற?"

உஷாராணி ஐந்தை அழுத்தினாள். யாரோ மின்விசிறியைப் போட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ராமு தூங்கிவிட்டிருந்தான். அரியூர் தாண்டியதும் காசம்மாள் சொன்னாள்: "எனுக்கே வந்துருந்தாலும் நான் இன்னா படிக்கவா போறன்? வுடு."

உஷாராணி தலை நிமிரவில்லை.

"ஆனா நீ படிச்சவ இல்ல?" என்றாள் காசம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

தெருவுக்குச் செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலமே குழுப் பெண்கள் வந்தார்கள். "எம் பேர்ல ஏரோப்பிளேன் ஏதாவது ஓடுதா பாருடி" என்று சிரித்தபடி வந்தாள் ஜெயசித்ரா. கிளம்பும்போது சிரிப்பில்லாமல், "எங் கார்டுல எங்க வூட்டு நம்பரயே மாத்திப் போட்டுடு" என்றாள். மற்றவர்களும் அதையேதான் கேட்டார்கள். முருங்கைக்காய் எதுவும் வரவில்லை.

பாக்யராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டியபடி கேட்டுக்கொண்டான். கம்பெனியில் பாய்லர் பார்க்கிறவன். அதிகம் பேச மாட்டான். "இத்தினி வருசம் ஊருக்கே போஸ்ட் ஆபீசா இருந்த" என்றான். "தபாலப் பிரிக்காத போஸ்ட் ஆபீசு." சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தான்.

அன்று முதல் அவள் எல்லா மெசேஜையும் படித்தாள். இன்சூரன்ஸ், லாட்டரி, நகைக்கடை தள்ளுபடி, எதையும் விடவில்லை. புரியாததை எழுதிவைத்துக்கொண்டாள். இருபத்து எட்டாம் தேதி காலையில் புகாருக்குப் பதில் வந்தது. அறுபது நாள் ஆகவில்லை, நாலே நாள்தான் ஆகியிருந்தது. அவள் ஆசையோடு திறந்தாள். சம்பந்தப்பட்ட நிறுவனத்தைத் தொடர்புகொள்ளவும். உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது.

திங்கட்கிழமை முப்பதாம் தேதி. ரேஷன் கார்டு ஆபீஸில் செல்வகுமாரி என்ற எழுத்தர் இருந்தாள். நாற்பது வயதுக்காரி, மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றிவைத்திருந்தாள். உஷாராணி கொடுத்த நோட்டை, அழைத்த தேதி, நேரம், வரிசை எண் எல்லாம் எழுதியிருந்த நோட்டை, நிஜமாகவே படித்தாள்.

"ஏழு தடவ கூப்ட்டீங்களா?"

"ஏழு தடவ ஆஸ்பத்திரியிலேர்ந்து. வூட்லேர்ந்து எண்ணல மேடம்."

"எனக்குப் புரியுதுங்க. ஆனா கம்ப்யூட்டர்ல காசம்மாள்ங்கற பேரு வருமானம் உள்ள ஆளுன்னு காட்டுது. நாளைக்கி அதுவே கார்ட மஞ்சளா மாத்திடும், நான் ஒண்ணும் பண்ண முடியாது." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பேரு கார்டுல இருந்தாத்தான் மாத்தும். இல்லன்னா மாத்தாது."

"பேர எடுத்துடலாமா?"

"எடுக்கணும்னா காரணம் வேணும். செத்துப்போயிருக்கணும். இல்ல, புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சி தனித்தனியா இருக்கறதா பத்திரம் வேணும். இன்ஸ்பெக்டர் என்னிக்கு வேணா வூட்டுக்கு வந்து பாப்பாரு. சேந்து இருந்தா ரெண்டு பேருக்கும் கார்டு பூடும்." கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டாள். "நான் எதுவும் சொல்லல. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இருப்பன்."

வெளியே வேப்பமரத்தடியில் ராமு உட்கார்ந்திருந்தான். உஷாராணி சொன்னதைக் கேட்டுவிட்டு, காசம்மாளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"முப்பத்தாறு வருசம் கழிச்சி தனிக்குடித்தனமா?" என்றான். "ஒனுக்கு இப்பத்தான் வழி கெடச்சுதா?"

"வாய மூடுய்யா" என்றாள் காசம்மாள். ஆனால் எழுந்தது அவள்தான்.

பத்திரம் எழுதுகிறவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் இருந்தார். பெயர், வயது எல்லாம் அடித்துவிட்டு நிமிர்ந்தார். "பிரிவுக்குக் காரணம் இன்னான்னு போட?"

"கொழம்புல உப்பே போடறதில்லன்னு போடுங்க" என்றான் ராமு. கிட்னிக்காரனுக்கு டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. அவனுக்காக அவளும் நிறுத்தியிருந்தாள்.

"கருத்து வேறுபாடுன்னு போட்டுக்கறன்" என்றார் அவர். இந்த மாதத்தில் இது எத்தனையாவது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மேசை மேல் ஏற்கெனவே அடித்துவைத்த மாதிரித் தாள் ஒன்று இருந்தது. பெயரை மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது. ராமு கையெழுத்துப் போட்டான். காசம்மாள் கட்டைவிரலை வைத்தாள். சாட்சி என்ற இடத்தில் உஷாராணி தன் பெயரை முழுதாக எழுதினாள். அவள் வாழ்க்கையில் எத்தனையோ தாள்களில் எழுதியிருக்கிறாள். பிறந்த தேதிகளை விட்டால், தெரிந்தே பொய் எழுதியது இதுதான் முதல் தடவை. நாலே முக்காலுக்குச் செல்வகுமாரி அதை வாங்கி முத்திரை வைத்தாள்.

அன்று ராத்திரி காசம்மாள் இரண்டு புடவை, ஒரு தலையணை, தைல பாட்டில் எடுத்துக்கொண்டு உஷாராணி வீட்டுப் பின்கட்டுக்கு வந்தாள். வேறு எங்கே போவாள்? மகளைக் கட்டிக்கொடுத்தது திண்டிவனம் பக்கம். அங்கே போய்விட்டால் ராமுவுக்குச் சோறு யார் வைப்பது? விடிகாலையில் தெரு எழுவதற்கு முன்னால் எழுந்து போவாள், கஞ்சி வைத்துவிட்டு, வாசல் தெளித்துவிட்டுத் திரும்புவாள். இன்ஸ்பெக்டர் என்றைக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஜூலை போனது. ஆகஸ்ட் போனது. அவர் வரவில்லை. வராதவரை இவளும் திரும்பிப் போக முடியாது. வந்து போனாலும் மறுபடி வர மாட்டார் என்று யார் சொல்ல முடியும்?

கார்டு சிவப்பாகவே இருக்கிறது. அதில் இப்போது ராமு என்று ஒரே பெயர்.

அந்த ஜூலையின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புதுக் கார்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண் கேட்டாள்: "கூட யாரு வந்துருக்கீங்க? பேஷன்ட்டுக்கு நீங்க யாரு?"

காசம்மாள் வாயைத் திறந்தாள். உஷாராணி அவள் முழங்கையைத் தொட்டாள்.

"தெரிஞ்சவங்க" என்றாள் காசம்மாள்.

"குடும்பத்து ஆளு யாரும் இல்லியா? மத்தவங்கள உள்ள வுட மாட்டோம்மா. வெளிய உக்காருங்க."

ராமு செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, தனியாக உள்ளே போனான். மூன்றாவது மணி நேரத்தில் அவனுக்குக் கால் இழுக்கும். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிடும். இத்தனை நாளும் அந்த நேரத்துக்கு அவள் உள்ளே போய்த் தைலம் தேய்த்துப் பிடித்துவிடுவாள். அப்போதுதான் அவன் கத்துவதை நிறுத்துவான்.

"நர்ஸ் பாத்துக்குவாங்கக்கா" என்றாள் உஷாராணி.

காசம்மாள் தைல பாட்டிலை மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். யாராவது உள்ளேயிருந்து வரக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். மூடியதும் உட்கார்ந்தாள்.